அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவர்

எங்கள் வீட்டில் கேமரா வைத்தது தம்பி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பணம் அனுப்பியது அவன். கடைக்குப் போய், இது வேண்டும் அது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தது நான். ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன்.

அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் மீன் விற்றவள். தெருமுனையில் அவள் பேசினால் வீட்டு அடுப்படியில் கேட்கும். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து போய்விட்டது. ஒரே ஓர் ஓசை மட்டும் மிச்சமிருந்தது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். எது எதற்கு என்று கண்டுபிடிக்க எனக்கு நாலைந்து மாதம் ஆயிற்று.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதும் வேலை. தம்பி வளைகுடாவில் குடும்பத்தோடு இருந்தான். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள எதிர்ச் சந்திலிருந்து ஓர் ஆயாம்மா வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்துவிட்டாள். புருவத்தில் மூன்று தையல்.

அன்று சாயங்காலமே தம்பி போன் செய்தான்.

“யக்கா, கேமரா வச்சிடலாம். நீ ஆபீஸ்ல இருந்து பாக்கலாம், நான் இங்கிருந்து பாக்கறேன். இன்னா சொல்ற?”

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. கேட் பாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே போனை எடுத்து அம்மா தூங்குகிறாளா என்று பார்க்கலாம். அதைவிட முக்கியம், இவ்வளவு நாளும் நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை இனி அவனும் பார்ப்பான். தனியாகச் சுமப்பதுபோல இருக்காது என்று நினைத்தேன்.

தண்டையார்பேட்டையில் கேமரா விற்று, வந்து மாட்டியும் கொடுக்கிற பாய் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போனேன்.

“யாரு பாக்கப் போறது?” என்று கேட்டார்.

“நானும் பாக்கணும், வெளிநாட்ல கீற தம்பியும் பாக்கணும் பாய்.”

“அப்ப நெட்வொர்க் கேமராவே எடுத்துக்கம்மா. கேமரா நேரா இன்டர்நெட்டுக்குப் பூடும். ஆளு எங்க இருந்தாலும் போன்ல பாக்கலாம்.”

வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்றேன். வாசலுக்கு நான் இரும்பு உடம்புள்ள கேமராவைத் தொட்டுக் காட்டினேன். கனமாக, உறுதியாக இருந்தது. அவர் வேண்டாம் என்றார்.

“உங்க ஏரியாவுல உப்புக் காத்து. போதாக்கொறைக்கு மணலி கம்பெனிப் பொகை வேற. ஒரு வருஷத்துல பெயின்ட்டு உரிஞ்சி துரு புடிச்சிக்கும். பிளாஸ்டிக்கே எடு. மாசத்துக்கு ஒருக்கா கண்ணாடிய ஈரத்துணியால தொடச்சி வுடு.”

அவர் சொன்னதையே எடுத்தேன். கூடத்துக்குத்தான் தகராறு. அம்மா படுத்திருப்பது கூடத்தில். நானும் அங்கேதான் பாய் விரித்துப் படுப்பேன். எங்கள் வீட்டில் கூடத்தைவிட்டால் அடுப்படிதான். ஒரே திசையில் பார்க்கிற கேமரா போதும் என்றார் பாய். நான் தலையைத் திருப்புகிற கேமராவைக் கேட்டேன்.

“படுத்துகினு கீறவங்க எங்க ஓடப் போறாங்க? திரும்பற கேமரா எதுக்கு?”

“திரும்பறதுக்காக இல்ல பாய். இதுல ஸ்பீக்கர் கீதுன்னு சொன்னீங்களே. தம்பி பேசினா அம்மாவுக்குக் கேக்குமா?”

“ஸோக்கா கேக்கும். இவங்க பேசறதும் அங்க கேக்கும்.”

அதற்காகத்தான் அதை எடுத்தேன். பேச முடியாதவளுக்குக் கேட்கவாவது மகன் குரல் இருக்கட்டுமே என்று. மாட்ட வந்த அன்று பாய் என் போனை வாங்கி, “யாரு பேர்ல அக்கவுன்ட் போடறது? எவரு பேர்ல போடறமோ அவங்கதான் முதலாளி. மத்தவங்க சும்மா பாக்கலாம், அவ்ளோதான்” என்றார். பணம் அனுப்பியவன் அவன். அவன் பெயரிலேயே போடச் சொன்னேன். போடும்முன் பாய் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்முன் எதிர்ச் சுவரில் மாட்டிய கேமராவிலிருந்து “ம்மா” என்பான். அம்மாவின் கண் சட்டென்று அந்தச் சுவருக்குப் போகும். அந்த ஓர் ஓசையை எழுப்புவாள். அது பசி ஓசையும் அல்ல, வலி ஓசையும் அல்ல. அதுவரை நான் கேட்காத ஒன்று. “இன்னா கொயம்பு வச்சா யக்கா?” என்று அவளைக் கேட்பான். அம்மாவுக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மலமும் மூத்திரமும் அள்ளுகிறவள் நான். சிரிப்பு சுவருக்குப் போகிறது.

பிறகு அந்தக் குரல் என் பக்கம் திரும்பியது.

கேமரா தலையைத் திருப்பும்போது ஒரு சின்ன ஓசை வரும், நகத்தால் பிளாஸ்டிக்கைச் சுரண்டுவதுபோல. அது கேட்டால் அவன் வந்திருக்கிறான் என்று அர்த்தம். “யக்கா, டயபர் மாத்தி எவ்ளோ நேரம் ஆச்சி?” “யக்கா, ஃபேன் ஏன் ஓடல?” “கஞ்சி இன்னும் குடுக்கலியா? மணி ஒன்பதாவுது.” முதலில் பதில் சொன்னேன். கரண்ட் போய்விட்டு இப்போதுதான் வந்தது, கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம். பிறகு பார்த்தால் அவன் கேட்பதற்கு முன்பே நானே சுவரைப் பார்த்துக் காரணம் சொல்லத் தொடங்கியிருந்தேன். அங்கே யாரும் இல்லாத நேரத்திலும்.

சேலை மாற்ற அடுப்படிக்குப் போனேன். களைப்பில் மத்தியானம் கொஞ்சம் சாய்ந்தால் கண்ணை மூடத் தயக்கமாக இருந்தது. ஆயாம்மாவிடமும் அப்படியே பேசினான். அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, “வாரறதுல முடி பறந்து அம்மா வாயில பூடப் போவுது, வெளிய போய் வாரு” என்று சுவர் சொல்லியிருக்கிறது. நான் வேலை முடிந்து வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“இந்தா சாவி. உங்கம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆம்பள கண்ணு காலைலருந்து முதுவுலயே கீது. மூஞ்சியக் காட்டிப் பேசினா திருப்பி ரெண்டு வார்த்த பேசலாம். செவுத்துக்கிட்ட எப்டி சண்ட போடறது?”

அவளுக்குப் பிறகு வந்தவர்கள் யாரும் பத்து நாளுக்கு மேல் நிற்கவில்லை. நான் வேலையைப் பாதி நாளாக்கிக்கொண்டேன். பிறகு அதையும் விட்டேன். இருபத்திரண்டு வருஷ வேலை. தம்பி, “நல்லதாப் போச்சி யக்கா, இனிமே அம்மாவ நீயே முழுசாப் பாத்துக்கலாம்” என்றான். சம்பளத்துக்குப் பதிலாக அவனே மாதம் அனுப்புவதாகச் சொன்னான், அனுப்பவும் செய்தான். அதில் நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை நானாக யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாதபடி எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம். எனக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். மணலிப் பக்கத்துக் காற்று வீசி வீடெல்லாம் கேஸ் வாடை. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன். அம்மா துப்பினாள். மறுபடி ஊட்டினேன், துப்பினாள். மூன்றாவது தடவை நல்ல கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். சூடான கஞ்சி என் மடியில் கொட்டியது. நான் அந்தக் கையில் அடித்தேன். ஓங்கி இல்லை, ஆனால் அடித்தேன். “செத்துத் தொலையேன், என்னையும் சேத்துக் கொல்லாத” என்று கத்தினேன். அம்மா கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் நானே அந்தக் கையைத் தடவிக்கொடுத்தேன், புதிதாகக் கஞ்சி காய்ச்சினேன், அவள் குடித்தாள், அவள் முகத்தைத் துடைத்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். அது அரை மணி நேரம். அடித்தது அரை நிமிஷம்.

சாயங்காலம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த அரை நிமிஷம் வந்தது. சித்தப்பா, சித்தி, அத்தை பிள்ளைகள் என்று இருபதுக்கு மேல் ஆட்கள் இருக்கிற குழு. கீழே தம்பி எழுதியிருந்தான்: “இதைப் பார்த்துட்டு நான் எப்படி இங்க வேலை செய்யறது?”

சித்தி முதலில் எழுதினாள், “பெத்த தாய்டீ.” பிறகு அழுகிற முகங்கள். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அம்மாவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்க வராதவர்கள் எல்லோரும் வரிசையாக அழுதார்கள். ஒருவருக்கும் என்னிடம் நேராகக் கேட்கத் தோன்றவில்லை.

நான் அவனுக்குப் போன் செய்தேன்.

“நீ போட்டது நெசந்தான். நான் அடிச்சது நெசம். அப்பால நடந்ததையும் போடு. தினம் காலைல அவள நான் ஒண்டியா பொரட்டி, தொடச்சி, பவுடர் போடறது கீது. அதயும் போடு.”

“அதெல்லாம் அழிஞ்சி பூடும் யக்கா. மெமரி கார்டுல ஒரு வாரந்தான் நிக்கும். வேணும்னு எடுத்து வச்சாதான் இருக்கும்.”

“அப்ப இத்த வேணும்னு எடுத்து வச்ச.”

பேசும்போது கேமரா என் பக்கம் மெல்லத் திரும்புவதைக் கேட்டேன். போனில் என் குரலைக் கேட்டுக்கொண்டே என் முகத்தையும் பார்க்கிறான். நாற்காலியைப் போட்டு ஏறி வயரைப் பிடுங்கினேன். அவன் போனில், “இன்னா பண்ற யக்கா? இப்ப எதுக்கு ஆஃப் பண்ற? இன்னா செய்யப் போற அவங்கள?” என்று கத்தினான்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் மன்னிக்கவில்லை.

அதிலிருந்து பதினோராவது நாள் அவன் விமானமேறி வந்தான். வந்தவன் என்னிடம் பேசாமல் நேராக அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். உண்மையாகத்தான் அழுதான். மறுநாள் காலை, “இன்னைக்கு நான் பாத்துக்கறேன்” என்றான். நான் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் ஓசை கேட்டது. அது எதற்கான ஓசை என்று எனக்குத் தெரியும்; அவன் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். மறுபடி கேட்டது. அப்புறம் நாற்றம் வந்தது. “யக்கா” என்றான். நான் எழுந்திருக்கவில்லை. “யக்கா, வாயேன்” என்றான், சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி. போய்ப் பார்த்தபோது சுவரோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மகன் முன்னால் அப்படிக் கிடப்பது அவளுக்கு எவ்வளவு வெட்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் சுத்தம் செய்தேன். அவன் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, நகரத்தின் அந்தக் கோடியில், தாம்பரத்துக்கும் அப்பால் முதியோரைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்துவிட்டான். “அங்க நர்சு கீறாங்க, டாக்டரு கீறாரு. அடிக்க மாட்டாங்க” என்றான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அம்மா என் முந்தானையை நல்ல கையால் பிடித்திருந்தாள். ஒவ்வொரு விரலாக விடுவித்தது நான்தான். தடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. அடித்தவளுக்கு என்ன உரிமை என்று எல்லோரும் கேட்பார்கள் என்று பயந்தேன்.

பார்க்கும் நேரம் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து. எங்கள் வீட்டுப் பக்கத்து விம்கோ நகர் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போய்வர அரை நாள் ஆகும். வாரம் மூன்று தடவை போனேன். அங்கேயும் கேமராக்கள் இருந்தன, நடைபாதையில் மட்டும். அறைக்குள் வைப்பதில்லை என்று அங்கிருந்த நர்சு பெருமையாகச் சொன்னாள். வளைகுடாவுக்குத் திரும்பிவிட்ட தம்பி அதற்காக அவர்களோடு போனில் சண்டை போட்டிருக்கிறான். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

நாலு மாதத்தில் அம்மா இறந்துபோனாள். நெஞ்சில் சளி என்றார்கள். தம்பி வந்து சேர ஒருநாள் ஆயிற்று. காசிமேட்டுச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“முந்தா நேத்து சாயங்காலம் நீ போய் இருந்தியாமே. அம்மா எப்டி இருந்தாங்க? உன்னாண்ட எதுனா காட்டினாங்களா? என்னத் தேடினாங்களா?”

போயிருந்தேன். ஒரு மணி நேரம் முழுக்க அவளோடு இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அதில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. சொல்லியிருந்தால் அவன் இத்தனை வருஷம் ஆறுதலாக இருந்திருப்பான்.

“தூங்கிகினு இருந்தாங்க” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். எழுந்து போய்ச் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அடுத்த வாரம் விமானம் ஏறினான். பொங்கலுக்கு ஒரு தடவை போன் செய்வான், நலமா என்பான், நலம் என்பேன். அந்தச் சாயங்காலத்தை நான் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பது பாவம் என்று தெரிகிறது. தெரிந்தும் சொல்ல மனசு வரவில்லை.