அப்பாவின் ஸ்காட்லாந்து விருந்து

அப்பாவுக்குச் சாம்பல் நிறக் கண்கள். அவரைப் பெற்றவர் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஸ்காட்லாந்துக்காரத் துரை. பெற்றவள் அங்கே கூலியாட்களின் லயத்து வீட்டில் குடியிருந்து கொழுந்து பறித்த தமிழ்ப்பெண். அப்பாவுக்கு நினைவு தெரியும் முன்பே இருவரும் இறந்துபோனார்கள். அவர் வளர்ந்தது திருவனந்தபுரத்தில், ஒரு மிஷன் விடுதியில். துரை எப்படிப் பேசுவார், எதைத் தின்பார், சிரிக்கவாவது செய்வாரா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த நாட்களில்தான் அப்பாவுக்கு ஸ்காட்லாந்துப் பித்து முற்றியது. நான் கதர்ச் சேலை கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அவர் இந்த ஊர் வெயிலில் கட்டம்போட்ட கம்பளித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன் நின்று, துரையின் மூக்கு எனக்கு வந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

ஒரு நவம்பரில், தாத்தாவோடு வேலை பார்த்த கிழத் துரை ஒருவர், ஊர் திரும்பும் முன் எங்கள் வீட்டில் சாப்பிட ஒத்துக்கொண்டார். தாத்தாவைப் பற்றிச் சொல்ல மிச்சமிருந்த ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு ஹாகிஸ் செய்துபோட்டே தீருவது என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். ஈரலையும் இதயத்தையும் கொத்தி, ஓட்ஸ் கலந்து, ஆட்டு இரைப்பைக்குள் அடைத்து வேகவைக்கும் பண்டம் அது. அவர்கள் விசேஷங்களில் அது இல்லாமல் முடியாதாம். காலையிலேயே இரைப்பையை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஓட்ஸ் டின் தேடிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது இரைப்பை இல்லை. அம்மா அதைச் சுண்ணாம்பு போட்டுச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, பொடியாக நறுக்கி, மிளகும் தேங்காயும் சேர்த்துப் போட்டி வறுவலாக வதக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, முழுசால்லா வேணும்."

"சுத்தம் பண்ணி வைன்னுதானே சொன்னீங்க? போட்டியை முழுசா ஆரு திம்பா?"

அப்பா ஓட்ஸ் டின்னோடு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. வேறு இரைப்பைக்கு ஓட நேரமில்லை. கிழத் துரை வந்துவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் அப்பா இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். துரையோ போட்டி வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு, தோட்டத்துத் தமிழில் பதில் சொன்னார்.

"ஹாகிஸா? உன் அப்பன் அதைத் தொடமாட்டான். வாடை பிடிக்காது. ஞாயித்துக்கிழமை ஆனா லயத்துக்குப் போயிடுவான். உன் ஆத்தா இதைத்தான் ஆக்கும். நானும் தின்னிருக்கேன்."

இனி அப்பா தாத்தாவைப் பற்றிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார் என்று நினைத்தேன். எனக்கும் கேட்க நிறைய இருந்தது. அப்பாவோ தோளில் கிடந்த கம்பளித் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார்.

"எங்க அம்மையை நீங்க பாத்திருக்கீங்களா? எப்படி இருப்பாங்க?"

அதுவரை அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

துரை என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பொண்ணேதான். அதே மூக்கு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சோறு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.