சபையில் சொன்ன சம்மதம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தபோது, நகரத்துக்குள் வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடமெல்லாம் எங்கள் முகத்தைக் கண்டதும் "இப்பதான் வேறை ஆக்கள் எடுத்திட்டினம்" என்றார்கள். கடைசியில் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணை வீட்டின் மேல்மாடி கிடைத்தது. என் கணவர் அஜின்கோர்ட்டில் ஒரு கட்டிடக் கம்பனியில் வரைபடம் கீறும் வேலை பார்த்தார். மல்வேர்னில் எழும்பிக்கொண்டிருந்த வரிசை வீடுகளுக்குப் படிக்கட்டும் சமையலறையும் கீறுவது அவருடைய வேலை. காலையில் அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், பின்னேரம் வரை எனக்குப் பேச்சுத்துணை கீழ் வீட்டு அன்ரி மட்டும்தான்.

அன்ரியும் அவருடைய தமையனும் அந்த வீட்டிலேயே பிறந்த வெள்ளைக்காரர்கள். இருவரும் கலியாணம் செய்யவில்லை. தகப்பன் காணியை இருவர் பெயரிலும் எழுதிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். தமையனை நாங்கள் பெரியவர் என்போம். அவருக்கு மாடுகளும் ரக்ரரும் சோள வயலும் போதும். அன்ரி விடியமுன் அவரோடு பால் கறந்துவிட்டு வந்து, விறகடுப்பை மூட்டி, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிவார். அவர்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு அதெல்லாம் எங்கள் பேச்சாகத்தான் ஞாபகத்தில் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருடங்களில் காணி வாங்குகிறவர்கள் பளபளக்கும் கார்களில் வந்தபடி இருந்தார்கள். பக்கத்துப் பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. பெரியவர் அவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு ஒருநாள் ஊர்ச் சபையில் ஒரு புதிய ஏற்பாடு வரப்போகிறது என்று கேள்விப்பட்டு வந்தார். காணி உரியவர்களிடமே இருக்கும். உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும், உறுதியில் பெயர் உள்ள எல்லோரும் சம்மதித்து, சபைக்கு என்றென்றைக்குமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் யார் வாங்கினாலும் அங்கே பயிர்தான் நிற்கும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரியவர் அவ்வளவு பேசி நான் கண்டதில்லை. "நான் போன பிறகும் இந்த மண்ணை ஒருத்தரும் கிண்டிக் கொட்டேலாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்ரி கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"உனக்குச் சம்மதம்தானே?" என்று பெரியவர் கேட்டார்.

"எனக்கு விருப்பமில்லை, அண்ணை" என்றார் அன்ரி.

பெரியவர் அதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் முட்டைகளைத் துடைத்து அடுக்கும்போது அன்ரி எனக்குக் காரணம் சொன்னார். "எனக்கு மாடுகளைப் பார்த்தது காணும், பிள்ளை. சாகமுன்னம் கொஞ்சக் காலமெண்டாலும் ஆக்களைப் பார்த்துக்கொண்டு இருக்கவேணும்."

அஜின்கோர்ட் பக்கம் புதிதாகக் கட்டிய மாடிக் குடியிருப்பு ஒன்றை அவர் பஸ்ஸிலிருந்து பார்த்து வைத்திருந்தார். காணியை விற்றால் தன் பங்குக் காசில் அங்கே போய் இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் நாங்கள் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். "அண்ணைக்குச் சொல்லிப்போடாதை" என்று காருக்குள் ஏறும்போதே சொல்லிவிட்டார். பொறுப்பாளர் ஒரு வெறும் வீட்டைத் திறந்து காட்டினார். அன்ரி குழாயைத் திறந்து சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பல்கனிக்குப் போய்க் கீழே பார்த்தார். பஸ் தரிப்பில் ஒரு பெண் தன் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான். அன்ரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் கூப்பிட்ட பிறகும் உடனே வரவில்லை.

அந்த மாதம் முழுவதும் வீட்டில் தமையனும் தங்கையும் அளந்துதான் பேசினார்கள். பெரியவர் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அன்ரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். சபையில் இந்த விசயத்தை எடுக்கும் நாளும் வந்தது. பெரியவருக்கு இருட்டில் கண் தெரியாது என்பதால் என் கணவர்தான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். அன்ரியும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். எதற்கு வருகிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. காணியை விற்றவர்கள், விற்கப்போகிறவர்கள், வாங்க வந்தவர்கள் என்று கலந்திருந்தார்கள். பெரியவரைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என்ரை ஐயா இந்த வயலிலை கல்லுப் பொறுக்கி..." என்று தொடங்கினார். நடுவில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் எழும்பி, "எல்லாம் சரி. உனக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. நீ செத்தால் பிறகு ஆர் உழப் போகினம்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பெரியவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பியபடி, அத்தனை பேருக்கும் முன்னால் அப்படியே நின்றார்.

என் பக்கத்தில் இருந்த அன்ரி முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அது எங்கட காணி. ஆர் உழுகினம் எண்டது எங்கட கவலை" என்றார். சபைத் தலைவரைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்" என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, பிறகு மாத்தேலாது. உங்கட காலத்திலையும் சரி, உங்களுக்குப் பிறகும் சரி. விளங்குதோ?"

"விளங்குது."

திரும்பி வரும்போது பெரியவர் முன்சீற்றில் இருந்து பாதி திரும்பி, "உனக்கு விருப்பமில்லை எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

"விருப்பமில்லைத்தான்" என்றார் அன்ரி.

மறுநாள் நான் பொறுக்கமாட்டாமல், "ஏன் அன்ரி ஓமெண்டனீங்கள்?" என்று கேட்டேன். "அண்ணை நிண்ட நிலையை நீயும் பார்த்தனிதானே" என்றார்.

எங்கள் மகள் பிறந்த பிறகு, மல்வேர்னில் ஒரு வரிசை வீடு வாங்கிக்கொண்டு நாங்கள் போனோம். அதுவும் முன்பு யாரோ உழுத நிலம்தான். பின்வளவில் தக்காளி நடக் கிண்டினால் நல்ல கறுத்த மண் வந்தது. நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அன்ரியை நினைத்துக்கொள்வேன்.

பெரியவர் அடுத்த பனிக்காலத்தில் மாட்டுக்கொட்டிலில் விழுந்து இறந்துபோனார். அன்ரி மாடுகளை விற்றார். வயலை ஒருவர் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டார். குத்தகை வருமானத்தில் அன்ரியால் அஜின்கோர்ட்டில் வீடு எடுக்க முடியாது. காணியை வாங்கலாம் என்று இரண்டொருவர் வந்தார்கள். கட்டேலாது என்று தெரிந்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உழுது பிழைக்க நினைப்பவர்களுக்கோ, மூன்று பக்கமும் வீடுகள் எழும்பும் இடத்தில் காணி வேண்டியிருக்கவில்லை. தீவனக் கடை மூடிவிட்டது. ரக்ரர் திருத்துகிறவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

புதிதாக வந்த வீடுகளில் அன்ரியின் வயலைப் பார்த்தபடி இருந்தவைதான் முதலில் விலைபோயின. எங்களுக்கு அதைச் சொன்னதே என் கணவரின் கம்பனிக்காரர்கள்தான். அங்கே குடிவந்தவர்கள் பின்னேரங்களில் வேலியோரம் நடந்துவந்து, "உங்களாலைதான் எங்களுக்கு இந்தக் காட்சி" என்று அன்ரிக்கு நன்றி சொல்வார்கள். எரு போடும் கிழமைகளில் அவர்களே "நாறுது" என்று சபைக்கு முறைப்பாடு செய்வார்கள்.

"இப்ப ஆக்கள் கிட்ட வந்திட்டினம் அன்ரி, நல்லதுதானே" என்று ஒருமுறை அசட்டுத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"கார்தான் பிள்ளை வருகுது" என்றார். "காரிலை இருந்து நேரை வீட்டுக்குள்ளை போயிடுவினம்."

எழுபதுகளின் முடிவில் அவர் படிக்கட்டில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். அவருக்குக் கிடைத்த அறை பின்பக்கம். ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். அறையை மாற்றித் தரச் சொல்லி நான் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். மாறமுன்னமே அவர் போய்விட்டார்.

அடக்கம் நடந்தது சோளம் விதைக்கிற நேரம். குத்தகைக்காரர் ரக்ரரை நிறுத்திவிட்டு, சேற்றுச் சப்பாத்தோடு வந்து பின்வரிசையில் இருந்துவிட்டுத் திரும்பவும் வயலுக்குப் போனார். காணி, கனடாவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தூரத்து உறவினருக்குப் போயிற்று. அவர் வரவில்லை, குத்தகையை மட்டும் தொடரச் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் காருக்குள் அழுதேன்.

"அந்தக் காணி தப்பிச்சுதுதானே" என்றார் கணவர்.

"ஓம்" என்றேன்.