பாறைக்குழி

அதியமான்கோட்டையில் மகள் கட்டும் வீட்டுக்குப் போர் போட்டார்கள். பாறையில் விரிசல் கிடைத்து முதல் தண்ணீர் பீய்ச்சியதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ அதில் டீசல் வாசம் அடித்தது.

சிறுவயதில், ஏரியூரில் எங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒரு மழைக்குப் பிறகு அப்படித்தான் நாறியது. மேட்டுக்காட்டில் சித்தப்பா ஆயில் எஞ்சினைக் கழுவி, அழுக்கு டீசலை ஒரு பாறைக்குழியில் ஊற்றிவந்தார். அம்மா சொம்புத் தண்ணீரோடு அவர் வாசலுக்கே போய்விட்டாள்.

"பாறைதானுங்க அண்ணி, ஊத்துனது எங்க போவும்? பக்கத்துல இருக்கற என் கெணறே நல்லாருக்குது. உங்க கெணறு வரைக்கும் நடக்க டீசலுக்குக் கால் மொளச்சுதா?"

"மொளச்சுதா இல்லியான்னு நீங்களே குடிச்சுப் பாருங்க."

அவர் குடிக்கவில்லை. அப்பா எங்கள் கிணற்றில் இறங்கி, பாறை வெடிப்பில் இருந்த ஊற்றுக்கண்ணைத் தொட்டு முகர்ந்தார். டீசல் அந்த வெடிப்பு வழியாகவே வந்திருந்தது. சித்தப்பாவின் கிணற்றைக் காத்தது, குழிக்கும் அதற்கும் நடுவிலிருந்த கெட்டிக் களிமண். அந்த வருசம் முழுக்க அவர் கிணற்றில்தான் குடம் நிரப்பினோம்.

"கம்ப்ரசர் வாசங்க, போயிரும்" என்றார் போர் வண்டிக்காரர். ஆனாலும் கால் நிற்கவில்லை. பக்கத்து மேட்டு வீட்டுக்காரரிடம் போய், அவர் கக்கூஸ் குழியின் அடியில் சிமெண்ட் போட்டிருக்கிறாரா என்று கேட்டேன்.

"அடியில பூரா பாறைங்க. சிமெண்ட் எதுக்கு?"

தண்ணீரைச் சோதித்து ரிப்போர்ட் வரும்வரை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்று மகளிடம் சொன்னேன்.

"நல்ல நேரத்துல என்னப்பா இது?" என்று முகம் சுருங்கினாள்.

சுருங்கட்டும்.