ஜாகிரைக் கேட்டு வரும் போன்

மகனை அடக்கம் செய்யுமுன் நடக்கும் ஜனாஸா தொழுகைக்கு முன்னால், வழக்கப்படி, சௌகத் அலி எழுந்து நின்று சொன்னார்: "எம் மகன் யாருக்காச்சும் கடன் தரவேண்டியிருந்தா எங்கிட்ட வாங்க. நான் பொறுப்பு." அனகாபுத்தூர்ப் பள்ளிவாசலில் யாரும் வாய் திறக்கவில்லை. இன்ஜினியரிங் முடித்துக் கேளம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு லாரி மோதிச் செத்த பையன், யாரிடம் கடன் பட்டிருக்கப் போகிறான்?

கடன்காரர் மறு மாதம் போனில் வந்தார். தாம்பரம் பேங்க். "ஜாகிர் சார் இருக்காங்களா? எஜுகேஷன் லோன் தவணை இன்னும் வரலை" என்றாள் கீதா என்ற பெண். பையன் மௌத்தாகிவிட்டான் என்று சொல்லத்தான் சௌகத் அலி வாயைத் திறந்தார். எதிரே மனைவி சித்திகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை வரமாட்டேன் என்றது.

"ஜாகிர்தான் பேசறேன்" என்றார்.

அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே குரல். கீதாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. பொறுப்பேற்ற கடனைக் கட்டத்தானே போகிறோம்? கடன் தீரும்வரை பிள்ளையின் ரூஹ், அவன் ஆன்மா, தொங்கிக்கொண்டிருக்கும் என்ற பயம் அவருக்கு. பல்லாவரம் தோல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வாங்கிய சம்பளத்தில் கட்டிக்கொண்டு வந்தார். பிந்தினால் போன் வரும். "டீம் லீடர் ஆயிட்டேன் மேடம், வேலை ஜாஸ்தி" என்பார். செத்தவனுக்குப் பதவி உயர்வு கொடுத்த மனிதர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் போகப்போக, பேசுமுன் தொண்டையைச் செருமும் ஜாகிரின் பழக்கம் தானாக அவருக்கும் வந்தது. அவர் ஜென்மத்தில் சொல்லாத "ஷ்யூர், ஷ்யூர்" வந்தது.

போன் வந்த அன்றெல்லாம் சித்திகா மூன்று தட்டு வைத்தாள்.

"ஏங்க, அவனுக்கு இருமல் இன்னும் விடலியா?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து சாப்பிட்டார். ஒரு மாதம், தவணைக்கென்று எடுத்து வைத்த பணத்தைக் காணவில்லை. அரிசி டின்னுக்குள் கிடந்தது. கட்டிவிட்டால் போன் வராதே என்று ஒளித்து வைத்திருக்கிறாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோய்க் கம்பெனியை மூடினார்கள். "வேலை போயிடுச்சு மேடம்" என்றார் போனில். அத்தனை நாள் பேசியதில் உண்மை இது ஒன்றுதான்.

கீதா உருகிவிட்டாள். "பயப்படாதீங்க சார், வேலை இல்லாதவங்களுக்குத் தவணையைத் தள்ளி வைக்கலாம். நீங்க நேர்ல வந்து ஒரு கையெழுத்து போட்டா போதும்."

மண்ணுக்குள் அடக்கிய மையத்தை எங்கிருந்து கூட்டிப் போவது? மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மேனேஜர் ராஜகோபால் முன் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த பெண் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கீதாதான்.

"இன்னா பாய் நீங்க!" என்றார் ராஜகோபால். "கடன் குடுக்கும்போதே பையன் பேர்ல இன்சூரன்ஸ் போட்டாச்சு. அப்பவே சொல்லியிருந்தா நீங்க ஒத்தப் பைசா கட்டியிருக்க வேணாம். இப்பவும் எழுதிப் பாக்கலாம்."

இழுத்தடித்தாலும் இன்சூரன்ஸ் பணம் வந்தது. கணக்கு முடிந்த அன்று சௌகத் அலி மனசு லேசாகி வீட்டுக்கு வந்தார்.

"கடன் தீந்துடுச்சு சித்திகா. புள்ளைக்கு இனிமே ஒரு பாரமும் இல்ல. பேங்க்லேர்ந்து போனும் வராது."

சித்திகா கேட்டாள்: "அப்போ இனிமே அவன் பேரைச் சொல்லி யாருங்க கேப்பாங்க?"