வடிகட்டாத தண்ணீர்

அந்த ஆளை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

எண்ணெய்க் கிணற்றில் அழுத்தம் குறைந்தால், பக்கத்துக் கிணறு வழியாகத் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவோம். அந்தத் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. சேறு கலந்திருக்கிறது, வடிகட்டாமல் விட்டால் எண்ணெய் இருக்கும் பாறையின் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று மேலாளரிடம் சொன்னேன். "தண்ணிதானம்மா, உள்ள போனா சரியாப் போயிடும்" என்றார். கிணறு அடைத்துக்கொண்டது. சோதனையில் தப்பு என்று பழியை என் தலையில் கட்டி, வேலையிலிருந்தும் தூக்கிவிட்டார்.

இப்போது முத்தியால்பேட்டையில் வாட்டர் ஃபில்டர் கடை வைத்திருக்கிறேன். போன மழைக்குப் பிறகு அவரே கடைக்கு வந்தார். ஓய்வு பெற்று முதலியார்பேட்டையில் வீடு கட்டியிருக்கிறாராம். மொட்டைமாடி மழைத் தண்ணீரை நேராக போர்வெல்லுக்குள் விட்டாராம். இப்போது போரில் தண்ணீரே வரவில்லையாம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"வடிகட்டி விட்டீங்களா சார்?"

"மழைத் தண்ணிதானம்மா, அதுக்கெதுக்கு?"

"அப்ப சரியாப் போயிடும் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கம்ப்ரசர் வைத்துக் காற்றை ஊதினால் அந்த போரின் அடைப்பு திறந்துகொள்ளும். கம்ப்ரசர்காரர் என் பக்கத்துக் கடைதான்.