மூக்கையா அழிக்காத முகம்

கண்டியில் லாபிர் நானாவின் படக்கடையில் மூக்கையாவுக்கென்று இருந்த இடம் வடக்கு ஜன்னலடி. வெயில் உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். சாய்வான சட்டத்தில் கண்ணாடித் தகட்டை நிறுத்தி, கீழே வெள்ளைத்தாளை விரித்துவிட்டால் தகட்டின் குறையெல்லாம் தெரிந்துவிடும். தகட்டில் எல்லாம் மாறித்தான் இருக்கும்: வெள்ளைச் சட்டை கறுப்பாக, கறுத்த முகம் வெறும் கண்ணாடியாக. காகிதத்தோடு சேர்த்து வெயிலில் வைத்தால்தான் நேராகும்.

கெமரா வாங்கிய வெள்ளைக்காரத் துரைமாருக்குப் படம் எடுக்கத் தெரியும், திருத்தத் தெரியாது. கெட்டுப்போச்சு என்று கொண்டுவந்து போடுவார்கள்.

"கெடல தொரை, இன்னும் முடியல, அவ்வளவுதான்" என்பான் மூக்கையா.

அவன் கை வேலை சுத்தமானது. தூசி விழுந்த இடம் தகட்டில் ஊசித்துளையாகத் தெரியும்; அப்படியே விட்டால் காகிதத்தில் கறுப்புப் புள்ளியாகிவிடும். அணில்வால் தூரிகையின் நுனியில் மையைத் தொட்டு, பாதியை விரல் நகத்தில் துடைத்துவிட்டு, மிச்சத்தால் அந்தத் துளையை அடைப்பான். முதலில் ஒரு காகிதத்தில் படம் இறக்கிப் பார்க்காமல் தகட்டைத் தொடமாட்டான். ஓரத்தில் வேண்டாத கிளை நீட்டிக்கொண்டிருந்தால் இரண்டு அட்டைகளை மூலைமட்டமாக நகர்த்திப் பார்த்து, அழகாக இருக்கும் இடத்தில் காகிதத்தை வெட்டுவான். முகம் இருண்டு போனால், வெயிலில் காயும்போது கண்ணாடியின் மேல் அந்த முகத்துக்கு நேராகச் சிறு பஞ்சுத் துணுக்கைப் பிய்த்து வைப்பான். வெளிச்சம் குறைந்து விழும், முகம் தெளிந்துவிடும். விளிம்பு தெரியாதிருக்கப் பஞ்சை அடிக்கடி அசைத்துக்கொண்டிருப்பான். அந்த வேலைக்குக் கண்டியில் அவனுக்கு ஈடில்லை.

காப்பியில் நோய் பிடித்து இலையில் செம்மஞ்சள் புள்ளி விழத் தொடங்கியிருந்த காலம் அது. வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருநாள் தகடொன்றைக் கொண்டுவந்தார். காப்பிக் கொட்டை காயும் களம். ஆட்கள் குனிந்து கிளறுகிறார்கள். கொழும்பில் நடக்கும் கண்காட்சிக்கு அனுப்பவேண்டிய படம்.

"வானம் வெள்ளையாக்கு. புள்ளி எல்லாம் எடு. அப்புறம் இது பாரு, நடுவிலே பொம்பளை. இதுவும் எடு."

மூக்கையா தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். குனிந்திருந்தவர்கள் எல்லாரும் படம் விழுந்து முடியுமுன்பே முதுகு கடுத்து அசைந்திருக்கவேண்டும். புகை மாதிரிக் கலங்கிக் கிடந்தார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் கிளறும் பலகையை நட்டுப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, கெமராவை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமும் அசையவில்லை. அந்தப் படத்திலேயே தெளிவாக விழுந்திருந்தது அவள்தான்.

நல்லம்மா. அவன் அக்கா.

"எடுக்கிறது சுலபந்தானே?" என்றார் துரை.

"சுலபந்தான் தொரை."

பொய்யில்லை. அவள் நின்ற இடத்தை மையால் நிரப்பினால் போதும், வெள்ளைக் களத்தோடு களமாகிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனான். நல்லம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க்கா நிமிர்ந்த?"

"அதக் கேக்கவா இவ்வளவு தூரம் நடந்து வந்த? குனி, அசையாதன்னு ரெண்டு சொன்னான். அதுல ஒண்ணக் கேட்டேன்ல?"

"அவருக்குப் படமே கெட்டுப்போச்சாம்."

"கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்னத்தடா பாப்பான் அந்தாளு?"

"நம்மளத்தான். தலைகீழா தெரிவோம்."

"தலைகீழாவா?" அவள் கோடரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்பக்கூட குனிஞ்சவனக் குனிஞ்சவனாத்தானே காட்டும்? அதான் நிமிர்ந்தேன்."

"பேசாம இருந்தாங்களா?"

"அரைப் பேரு போட்டான் கங்காணி. முழுநாள் வேலைக்கு அரை நாள் கூலி. படத்துலயாச்சும் முழுசா நிக்கிறேன்ல?"

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"என்னைய அழிக்கச் சொன்னானாடா?"

"ஆமா."

"ஒன் வேலை அது. ஒன் கை. எங்கிட்டக் கேக்காத" என்று மறுபடி கோடரியை எடுத்தாள்.

படத்தில் நிற்பது தன் அக்கா என்று திங்கட்கிழமை அவன் லாபிர் நானாவிடம் சொல்லிவிட்டான். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒன்ட ராத்தா எண்டா எனக்கும் வெளங்குது மகன். ஆனா அவர் தொரை. எனக்கும் புள்ள குட்டி ஈக்கி. ஒரு மை பூசுறதுதானே?"

"தூசி தானா வந்து விழுந்தது நானா, அத எடுக்கலாம். இவ வந்து நின்னவ."

"அப்ப என்ன செய்யப் போற?"

"மத்த எல்லாத்தையும் செய்றேன்."

செய்தான். வானத்தின் கறையை மறைத்தான். துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தான். பிறகு காகிதத்தை வைத்துச் சட்டத்தை வெயிலுக்குக் கொண்டுபோனவன், பஞ்சிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்து நல்லம்மாவின் முகத்துக்கு நேராக வைத்து, பக்கத்திலேயே குந்தியிருந்து அசைத்துக்கொண்டே இருந்தான். இருட்டாக விழவேண்டிய முகத்தில் கண் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது, இறுக்கி மூடிய வாய் தெரிந்தது. அப்படி இரண்டு படம் இறக்கி, சாய்ந்திருந்த களத்தை ஓரம் வெட்டி நிமிர்த்தினான்.

துரை வந்து பார்த்தார். வானத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முகம் சிவந்தது.

"பொம்பளை இன்னும் இருக்கு."

"நின்னாங்க தொரை. அதான் இருக்காங்க."

"நான் எடுக்கச் சொன்னேன்."

"மாட்டேன்."

லாபிர் நானா கதிரையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"இவன் இங்கே இருந்தா எந்தத் துரையும் இந்தக் கடைக்கு வராது. கொழும்பிலே வேறே ஆள் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் துரை தகட்டையும் படத்தையும் தூக்கிக்கொண்டு போனார்.

லாபிர் நானா மூக்கையாவைப் போகச் சொல்லத் தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கையாவே தூரிகைகளைத் துணியில் சுற்றினான்.

"அந்த மத்தப் படத்த எடுத்துக்கிறேன் நானா."

"எடு. நான் காணல்ல."

சந்தைக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கூரையின் கீழ் மேசை போட்டுத் தொடங்கினான் மூக்கையா. முன்னால் தொங்கியது அந்தப் படம். துரைமார் வரத்தான் இல்லை. ஆனால் கெமரா வைத்திருந்த கிளாக்கர்மாரும் கடைக்காரர்களும் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிடுவார்கள். கறுத்த முகம் இவ்வளவு தெளிவாக எப்படி விழுந்தது என்று கேட்பார்கள். அவன் ஒளிக்கமாட்டான். பஞ்சைப் பிய்த்துக் கையில் கொடுத்து, வெயிலில் உட்காரவைத்துச் செய்துகாட்டுவான். ஆளை எடுத்துவிடச் சொல்லி யாராவது தகடு கொண்டுவந்தால் மட்டும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவான். பிறகு அவனும் ஒரு பழைய கெமரா வாங்கினான்; தோட்டத்து ஆட்கள் தேர் பார்க்க வரும்போது படம் பிடித்துக்கொள்ள வருவார்கள். பழக்கத்தில் தலை குனிந்து நிற்பவர்களிடம், "அந்தா தொங்குற பொம்பளையப் பாருங்க, அப்படிப் பாருங்க" என்பான்.

காப்பி பட்டுப்போய், தோட்டம் கைமாறி, துரை கப்பலேறிய பிறகுதான் நல்லம்மா ஒருநாள் அந்த மேசைக்கு வந்தாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"கழுத்து கொஞ்சம் கோணிக்கிட்டு நிக்குதேடா."

"சரி பண்ணிடலாம்க்கா. ஓரத்த லேசா வெட்டித் திருப்பினா போதும்" என்று மூக்கையா அட்டைகளை எடுத்தான்.

"தொடாத" என்றாள் நல்லம்மா.