மஞ்சள் பெட்டியின் தலையில் ஒரு பேர்

திருச்சி ரோட்டில் வடமதுரையைத் தாண்டி ஒரு நூல் மில் இருந்தது. அந்த மில் ஆபீஸில் ரீனா வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்றில். அப்பா சின்ன வயசிலேயே தவறிவிட்டார். அம்மா ஜோஸ்பின் திண்டுக்கல்லில் கோயில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து மகளை பி.காம். வரைக்கும் படிக்கவைத்தாள். அதற்கப்புறம் பேகம்பூரில் ஃபயாஸ் என்பவர் மாடியில் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டதும் அவள்தான். எக்செல் என்றால் ரீனாவுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கட்டம் கட்டமாக விரிந்து கிடக்கும் தாளில் எதைப் போட்டாலும் அது பாட்டுக்கு ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்வது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று, அதை மாட்டிக்கொடுக்க வந்தவன், "யாரு பேரு போடணும்?" என்று கேட்டான். மேனேஜர் அருள்நாதன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தப் பிள்ளை பேரையே போடுப்பா. அதுதான ஒக்காரப்போகுது" என்றார். ரீனா என்று இங்கிலீஷில் அடித்துவிட்டுப் போனான். ஒரு இயந்திரத்துக்குள் தன் பேர் இருப்பதை அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

மில்லில் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தார்கள். அய்யலூர், நத்தம், ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகள். மூணு வருஷ வேலை என்று ஒப்புக்கொண்டு வந்தவர்கள். உள்ளே வந்துவிட்டால் தீபாவளி பொங்கலுக்குத்தான் வெளியே போகலாம். ஆளுக்கு ஒரு வரி என்று ரீனா அவர்களை எக்செல்லில் ஏற்றினாள். பேர், ஊர், ஷிஃப்ட், வந்தது, வராதது. அம்புட்டுதான் அந்தக் கட்டங்களில் கொள்ளும். ஆனால் பஞ்சுத் தூசியில் ஒருத்திக்கு மூச்சு இழுப்பு வரும், இன்னொருத்தி விடிகாலையில் வெறும் வயிற்றோடு நின்றால் மயங்கி விழுவாள். இதையெல்லாம் எங்கே எழுதுவது?

ஃபயாஸ் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. கட்டத்தின் மேல் மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, கமெண்ட் என்பதைத் தட்டினால் மஞ்சளாக ஒரு பெட்டி திறக்கும். அதில் எழுதி மூடினால் கட்டத்தின் மூலையில் குங்குமம் கிள்ளி வைத்ததுபோலச் சின்னச் சிவப்பு முக்கோணம் மட்டும் நிற்கும். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் பெட்டி மறுபடி விரியும். எழுதியவர் பேர் தானாகவே தலையில் விழுந்துவிடும். ரீனா, ரீனா என்று அந்தத் தாள் முழுக்க அவள் பேர்.

அருள்நாதனுக்கும் அது பிடித்துப்போனது. ரீனா சாப்பிடப் போகிற நேரம் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பார். ஹாஸ்டல் வார்டனும் வந்து எழுதிவிட்டுப் போவாள். சாயங்காலமானால் தாள் கோயம்புத்தூர் பெரிய ஆபீஸுக்கு மெயிலில் போகும். யார் எழுதினாலும் தலையில் ரீனா என்றே விழுந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரீனாவும்தான்.

இரண்டாயிரத்து மூன்றில், மழைக்காலம் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, ஆபீஸ் ஃபோன் அடித்தது. ரீனாதான் எடுத்தாள். மறுமுனையில் ஒருவன் மூச்சிரைக்கப் பேசினான்.

"பொன்னழகு அண்ணன் காத்தமுத்து பேசுறேம்மா. அய்யலூர்ல இருந்து. அம்மாவுக்கு ரொம்ப முடியல. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். தங்கச்சியக் கொஞ்சம் அனுப்பி விடுங்கம்மா."

"நெனவு இருக்காண்ணே?"

"இருக்கும்மா. பொன்னு பொன்னுன்னுதான் சொல்லிக்கிட்டுக் கெடக்கு."

"பேச்சு தெளிவா வருதா?"

"வருதும்மா. சீக்கிரம் அனுப்பி விடுங்க."

வீட்டுத் தகவல் எது வந்தாலும் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லக்கூடாது, மேனேஜர் வழியாகத்தான் போகவேண்டும் என்பது மில் சட்டம். அருள்நாதன் கிடங்குப் பக்கம் போயிருந்தார். ரீனா பொன்னழகுவின் வரியைத் தேடிப் பிடித்து, லீவுக் கட்டத்தில் மஞ்சள் பெட்டியைத் திறந்து எழுதினாள். அம்மா ஆஸ்பத்திரியில், நிலைமை மோசம், அண்ணன் ஃபோன் செய்தார், இன்றே அனுப்பவேண்டும். அருள்நாதன் திரும்பி வந்ததும், "சார், பொன்னழகு வரியப் பாருங்க, அவசரம்" என்று வாயாலும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ரீனாவுக்கு லீவு. ஆத்தூரில் சித்தி மகள் கல்யாணம். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் சொன்னாள்: "பாவம்மா ஒரு பிள்ளை. இந்நேரம் அவங்கம்மாகிட்டப் போயிருக்கும்."

பொன்னழகு போகவில்லை. திங்கட்கிழமை ரீனா மில் வாசலில் இறங்கியபோது கேட்டுக்கு முன்னால் கூட்டம். வேனில் வந்திருந்த ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் தலைமுழுகிய ஈரத்துண்டோடு ஒருவன், அண்ணன் காத்தமுத்து. அவன் பக்கத்தில் முகம் வீங்கி, மில் யூனிஃபார்மோடு பொன்னழகு. அம்மா சனிக்கிழமையே செத்துப்போயிருந்தாள். அடக்கம் முடிந்த பிறகுதான் மகளுக்குச் சேதி சொல்லியிருந்தார்கள். தாயை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியும், பிணமாகத் திரும்பிய வண்டியும் இதே ரோட்டில், இந்த மில் வாசலைத் தாண்டித்தான் போயிருந்தன. உள்ளே அந்தப் பிள்ளை அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அருள்நாதன் கையில் ஒரு அச்சடித்த தாளோடு வெளியே வந்தார். எக்செல்லில் கமெண்டுகளைத் தனியாகக் கடைசிப் பக்கத்தில் அச்சடிக்க வழி உண்டு. அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்ததே ரீனாதான். "மில்லு மேல தப்பு இல்லைங்க. ஃபோன் எடுத்தது யாரோ அவங்க எழுதி வெச்சதை நம்பித்தான் நாங்க இருந்தோம். படிச்சுப் பாருங்க" என்று நீட்டினார்.

வந்தவர்களில் ஒருவன் வாங்கித் தமிழில் உரக்கச் சொன்னான். "ரீனா. பொய் ஃபோன். திருவிழாவுக்குக் கூப்பிடுறாங்க. லீவு தேவையில்லை."

"யாருய்யா அந்த ரீனா?"

ரீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் அப்படி எழுதல! அனுப்பணும்னுதான் எழுதுனேன். அத யாரோ மாத்தியிருக்காங்க!"

"ஒன் பேரு போட்டிருக்குல்ல?"

"பேரு தானா விழும்ணே. யாரு அடிச்சாலும் என் பேருதான் விழும்..."

சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. காத்தமுத்து கையை ஓங்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். பொன்னழகு ரீனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனபின் ரீனா மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். "சார், நீங்கதான சார் அன்னைக்கு அந்த நாற்காலில இருந்தீங்க?"

அருள்நாதன் கதவைச் சாத்தினார். அவரும் ரீனா போகும் அதே மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் நிற்பவர். "ஏற்றுமதி ஆர்டர் முடியுற வரைக்கும் ஒருத்தரையும் விடாதேன்னு மேல இருந்து உத்தரவு. அம்மா சீரியஸ்னு எழுதி வெச்சுட்டு லீவு குடுக்கலைன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? அந்தம்மா சாகும்னு நான் கண்டேனா? கொஞ்ச நாள் வீட்ல இரு. நான் பாத்துக்கிறேன்" என்றார். அறைக்கு வெளியே வந்ததும், வார்டன் காதுபட, "இந்தப் பிள்ளை இனிமே வரவேண்டாம்" என்றார்.

ரீனா நேராக பேகம்பூருக்குப் போனாள். ஃபயாஸ் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்காரவைத்தார். "ஏற்கெனவே இருக்கிற கமெண்டுக்குள்ள போயி எழுத்தை மட்டும் மாத்துனா, தலையில இருக்கிற பேரு அப்படியே நிக்கும்மா. யாரு மாத்துனாங்கன்னு அதுக்குத் தெரியாது. வேணும்னா பாரு, செட்டிங்ல போயி கலெக்டர் பேரைப் போட்டா, கலெக்டரே எழுதுன மாதிரி வரும்." போட்டும் காட்டினார்.

"அப்ப நான் எப்படி சார் நிரூபிக்கிறது?"

ஃபயாஸ் அந்தக் கலெக்டர் பேரை அழித்தார். "முடியாதும்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. ஜோஸ்பின், "ஏன்டி, ஒனக்கும் ஆண்டவருக்கும் தெரியுமில்ல, அது போதாதா?" என்றாள். போதவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டும். அது ஒன்றுதான் ரீனாவுக்கு வேண்டியிருந்தது. சாவு வீட்டில் சடங்கெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, அம்மா தடுத்தும் கேட்காமல் அய்யலூருக்கு பஸ் ஏறினாள்.

ஊருக்கு வெளியே ஓட்டு வீடு. பக்கத்தில் ஆட்டுக் கொட்டில். காத்தமுத்து ஆடு வாங்கி விற்பவன். அவளைப் பார்த்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தான். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்த? போயிரு. பொம்பளப் பிள்ளைன்னு பாக்குறேன்."

ரீனா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் பெட்டி, தானாக விழும் பேர், மேனேஜர் உட்கார்ந்த நாற்காலி. மூச்சு விடாமல் சொன்னாள். கட்டத்தையும் முக்கோணத்தையும் அவனுக்கு எந்த வார்த்தையில் விளக்குவது? பாதியிலேயே அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளேயிருந்து பொன்னழகு வந்து நிலைப்படியில் சாய்ந்தாள்.

"சரிக்கா. நீங்க எழுதலைன்னே வெச்சுக்குவோம். ஃபோன் வந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"ரெண்டாவது ஷெட்டுல."

"ஒங்க ஆபீஸ் சன்னல்ல இருந்து பாத்தா தெரியுற எடம். எந்திரிச்சு வந்து எங்காதுல சொல்லியிருக்கலாம்ல? ஒங்கம்மாவுக்கு முடியலடி, ஓடுன்னு. நான் செவரு ஏறிக் குதிச்சாவது போயிருப்பேனே. அந்தப் பொட்டில எழுதி வெச்சிங்க, சரி. எங்கிட்ட ஏங்கா சொல்லல?"

மில் சட்டம் என்று சொல்ல ரீனா வாயைத் திறந்தாள். மேனேஜரிடம் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எழுதி வைத்தாயிற்று, இனி அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். எல்லாம் உண்மைதான். எதையும் அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஆமா" என்றாள். "சொல்லல. சொல்லியிருக்கணும்." சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பொன்னழகு உள்ளே போய்விட்டாள். காத்தமுத்து கீழே போட்ட கயிற்றை எடுத்தான். பிறகு, "பஸ்ஸு வர்ற நேரம். போ" என்றான். குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

இரண்டு வாரம் கழித்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் மனு கொடுக்கப்போவதாகப் பேச்சு எழுந்திருந்தது. ரீனாவையும் காத்தமுத்துவையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அருள்நாதன் தாளைக் காட்டி, எழுதினது இந்தப் பெண்தான் என்றார். தன்னிடம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை ரீனா சொன்னாள். அருள்நாதன் சிரித்தார். "பேரு இருக்கு சார். வேற என்ன வேணும்?"

அதிகாரி காத்தமுத்துவைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குக் கம்ப்யூட்டரு தெரியாதுங்க" என்றான் காத்தமுத்து. "ஃபோன்ல பேசுன கொரலு தெரியும். நெனவு இருக்கான்னு கேட்டுச்சு. பேச்சு தெளிவா வருதான்னு கேட்டுச்சு. பொய் ஃபோன்னு நெனச்சவ அப்படிக் கேக்க மாட்டா. இந்தப் பிள்ளை எழுதல."

அருள்நாதனின் சிரிப்பு நின்றது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, பாக்கறேனுங்க" என்றார்.

அவர் பார்த்தது இவ்வளவுதான்: அருள்நாதன் கரூர் பக்கம் இன்னொரு மில்லுக்கு மாற்றப்பட்டார். ரீனாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. எழுத்தில் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வட்டாரத்து மில் எதிலும் அவளை எடுக்கவுமில்லை. மூன்று வருஷம் வீட்டில் கிடந்தாள். கோயிலுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டாள். பிறகு ஃபயாஸ் தன் சென்டரிலேயே பாடம் எடுக்கக் கூப்பிட்டார். அங்கேயே ஒட்டிக்கொண்டாள்.

விசாரணை முடிந்த அன்று மில் வாசல் டீக்கடையில் காத்தமுத்து அவளுக்கும் சேர்த்து டீ சொன்னான். பொன்னழகுவும் அண்ணனோடு வந்திருந்தாள். அவள் டீ வேண்டாம் என்றாள். ரீனா இரண்டு முறை பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யலூர் பஸ் வந்தது. காத்தமுத்து, "வாரேம்மா" என்று சொல்லி ஏறினான். பொன்னழகு அவனுக்கு முன்னாலேயே ஏறி, டீக்கடை தெரியாத அந்தப்பக்கத்து சன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.